எந்தத் துண்டுல மிதிக்கிறது?

ஏலே பேராண்டி, என்ன வாய்க்குள்ளேயே முனகிக்கிட்டு இருக்கே? மந்திரமா? ஓகோ, ஸ்போக்கன் இங்கிலீஷா! ரெஸ்-பான்-ஸி-பி-லி-ட்டி. ஆறு துண்டு. நாலாவது துண்டுல ஏறி மிதிக்கணுமாக்கும். இதுக்கு ஃபீஸு வேற கட்டியிருக்கே.

பத்தாங்கிளாஸ்ல தமிழய்யா குறளை அலகிடச் சொன்னாரே, நேரு நிரை, தேமா புளிமான்னு? அப்பக் கொட்டாவி விட்டே. இப்ப சிலபிள்னு சொன்னதும் நோட்டு வாங்கி எழுதுறியே, நல்லாருக்குடா!

நம்ம அசையாவது யோக்கியம். குறில் நெடில் ஒற்றுன்னு பாத்தா பிரிச்சுப்புடலாம். இங்கிலீஷுல துண்டு போடுறது பெருசில்ல, அழுத்தந்தான் ஆளை ஏய்க்கும். ஃபோட்டோகிராஃப்னா முதத் துண்டுல நிக்கும். ஃபோட்டோகிராஃபர்னா ரெண்டாவதுக்குத் தாவும். ஃபோட்டோகிராஃபிக்னா மூணாவது. பங்குனிப் பொங்கல்ல ஆள் மாத்தி ஆள் மேல சாமி இறங்குற மாதிரி. ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, காசு வாங்காமச் சொல்றேன். வாலைப் பாரு. இட்டி, ஷன், இக்குன்னு முடிஞ்சா, பெரும்பாலும் அதுக்கு முந்தின துண்டுல மிதி. பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மிச்சப் பாதியில அவுகளுக்கே வழக்கு தீரலையே! அலுமினியத்தை எடுத்துக்கோ. சீமைக்காரனுக்கு அஞ்சு துண்டு, மூணாவதுல மிதிப்பான். அமெரிக்காக்காரன் ஒரு துண்டை முழுங்கிட்டு அலூமினம்பான், ரெண்டாவதுல மிதிப்பான். நீ யாரு பக்கம் சாட்சி சொல்லப் போறே? சிவகாசியில பட்டாசு மருந்து கலக்குற ஆளு அலுமினியப் பவுடரை எடுக்கையில துண்டையா எண்ணுறான்? எடையைப் பாப்பான். உரசக் கூடாது, சிந்தக் கூடாதுன்னு பாப்பான். பேரியம் நைட்ரேட்டை எங்க மிதிக்கணும்னு தெரியாமத்தான் பச்சை உப்புன்னு பேரு வச்சிக்கிட்டாக. எரிஞ்சா பச்சையா வெளிச்சம் வரும், சோலி முடிஞ்சுது. 2018ல சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுல அது வேண்டாம்னப்ப, ஊருக்கு ஒரு துண்டும் பிரிக்காமலே வெளங்கிருச்சு.

1922ல சிவகாசியிலேருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தா போனாகளே, அழுத்தம் பழகிட்டா போனாக? தொழிலோட திரும்புனாக. ஊரு பிழைச்சுது.

படிக்க வேணாங்கல ராசா. நல்லாப் படி. சென்னைக்கு இன்டர்வியூ போறே, சரி. எதுக்க உக்காந்து கேள்வி கேக்குறவன் அருப்புக்கோட்டைக்காரனா இருந்துட்டா என்னடா பண்ணுவே?