கேட்டது திருகோணமலை, வந்தது தரங்கம்பாடி

1618 மார்ச்சில் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியன் முன் ஒரு பிழையான வினவல் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றது. பெயர் மார்செலிஸ் டி பொஷோவர். ஒல்லாந்துக் கம்பனியில் இருந்தவர். பிறகு கண்டி அரண்மனையில் பட்டம் பதவியோடு வாழ்ந்தவர். கண்டி ராசாவின் தூதன் நான், போர்த்துக்கீசரை அடிக்கக் கப்பல் வேண்டும் என்றார். ஒல்லாந்தர் அதற்கு முன்பே கையை விரித்திருந்தார்கள். கிறிஸ்டியன் துருவிக் கேட்கிற ஆளில்லை. ஒப்பந்தம் உடனே ஓகே.

இந்தத் தாராள மனசு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கும் உண்டு. ஆட்களின் பெயர் உள்ள நிரலில் 'பெயர் = 0' என்று அபத்தமாகக் கேளுங்கள். இலக்கத்தில் தொடங்காத பெயரெல்லாம் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, அத்தனை நிரைகளையும் அள்ளித் தரும். எச்சரிக்கை ஒன்று முணுமுணுக்கும், யார் பார்க்கிறார்? எஸ்கியூலைட் இன்னும் மோசம். நிரலின் பெயரைப் பிழையாக எழுதி இரட்டை மேற்கோளில் போட்டால், ஐயா ஏதோ சொல் சொல்கிறார் என்று விட்டுவிடும். விடையாக ஒரு நிரையும் வராது, திட்டும் வராது. பழைய மைஎஸ்கியூஎல்லோடு ஒத்துப்போக நினைத்ததன் வினை இது என்று அதைச் செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இருபத்துச் சொச்ச வயது ஓவே ஜெட்டே தலைமையில் டேனிஷ் கப்பல்கள் புறப்பட்டன. வழியில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். வினவலை எழுதிய பொஷோவரும் செத்தார். 1620 மே மாதம் இலங்கைக்கு வந்த பிறகுதான் பிழைச் செய்தி திரையில் விழுந்தது: ராசா சேனரத் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஏற்பானேன்? 1617இலேயே அவர் போர்த்துக்கீசரோடு சமாதானமாகிவிட்டார். டென்மார்க்கின் தரவு பழசு.

மூன்று மாதம் பேரம் பேசி ஓகஸ்டில் புது ஒப்பந்தம் போட்டு, திருகோணமலையை வாங்கினார்கள். கோணேசர் மலைப்பக்கம் கோட்டை கட்டத் தொடங்கி, முடிக்காமலே 1621இல் மூட்டை கட்டினார்கள். பிறகு போர்த்துக்கீசர் அங்கிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அவர்கள் வினவலில் எழுத்துப் பிழைகூட இல்லை.

இதற்கிடையே காரைக்கால் கடலில் போர்த்துக்கீசரிடம் கப்பலைப் பறிகொடுத்த டேனிஷ் தரப்பின் ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனையில் போய் விழுந்தார். ரகுநாத நாயக்கர் 1620 நவம்பரில் தரங்கம்பாடியைக் கொடுத்தார். தங்க ஓலையில் கடிதமும் அனுப்பினார். கேட்காத அந்த நிரையைப் பிடித்துக்கொண்ட டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை விடவில்லை.