வளவில் கூடைப்பந்து: பங்காளிகளுக்குச் சில யோசனைகள்

பஹாமாஸ் தீவுகளில் அட்லாண்டிஸ் என்றொரு ரிசார்ட். விருந்தும் நடனமும் நடக்கிற அதன் பால்ரூமில் 2011 முதல் நவம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி அணிகள் கூடைப்பந்து ஆடுகின்றன. பலகைத் தளத்தைக் கொண்டுவந்து பொருத்தி, சுற்றிலும் இருக்கை அடுக்கி, ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். ஒரே ஒரு ஹாலை வைத்துக்கொண்டு அவர்கள் இந்தப் போடு போடும்போது, செட்டிநாட்டில் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் தெருத்தெருவாக அரண்மனைகளைப் பூட்டிவைத்திருக்கும் நாம் சும்மா இருக்கலாமா? ஷூட்டிங்குக்கு விட்டாயிற்று. ஹோட்டலாகவும் ஆக்கியாயிற்று. பாக்கி இதுதான்.

முதலில் டேப்பை எடுங்கள். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நீளத்துக்குக் கவலையே வேண்டாம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகள் நம்முடையவை. முகப்பிலிருந்து அடுப்படி வரை கதவுகளைத் திறந்துவிட்டால் மைதானம் தேறிவிடும். இடைஞ்சல் அகலத்தில்தான், அங்கே தூண்கள் நிற்கின்றன. பர்மாத் தேக்கை அசைக்க முடியாது. தடுப்பாட்டத்துக்கு ஆளுக்கொரு தூணை இரு அணியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்ன இடத்தில் நிற்கிற ஆட்டக்காரர் வேறு யாரும் கிடைக்கமாட்டார்.

அடுத்து தரை. ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின்மேல் சாயக்கலவை ஊற்றி வார்ப்பது. நடக்க நடக்க மெருகேறும். மூன்று தலைமுறை நடந்த மெருகில் உந்தி எழும்ப நினைப்பவர் இரண்டாம் கட்டில் போய்த்தான் நிற்பார். மரத்தரைதான் வேண்டும். நம்மிடம் மரத்துக்கா பஞ்சம்? என்ன, அத்தனையும் கூரையில் இருக்கிறது. அந்தக் காலத்து ஐயாக்கள் தேக்கை மேலேயும் கல்லைக் கீழேயும் போட்டுவிட்டார்கள். விளையாட்டைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

பந்து எழும்ப 7 மீட்டராவது உயரம் வேண்டும் என்பது விதி. சரவிளக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கிற பட்டாசாலையை மறந்துவிடுங்கள். வளவு முற்றத்துக்குக் கூரையே கிடையாது, அங்கே ஆடலாம். ஆனால் நாலு பக்க ஓட்டுச் சரிவும் மழையை அங்கேதான் கொண்டுவந்து கொட்டும். வெயிலடித்தால் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டும் இல்லாத நாளாகப் பாருங்கள்.

கூடைக்கு அலைய வேண்டாம். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது மாட்டியது பீச் பழக்கூடையைத்தான். அடிப்பாகம் திறக்காத கூடை என்பதால் பந்து விழுந்ததும் ஏணி போட்டு எடுத்தார்கள். நம்மிடம் புவிசார் குறியீடு வாங்கிய ஓலைக்கூடையான கொட்டானே இருக்கிறது. வளையத்தின் அளவான 45 சென்டிமீட்டர் வாய் வைத்து, பெரிதாகப் பின்னித் தரச் சொல்லுங்கள். அடியை வெட்டலாமா என்று மட்டும் ஆச்சியிடம் கேட்டுவிடாதீர்கள். சீர் வைக்கிற கொட்டானை அடியறுப்பதாவது! ஏணி வாங்கிக்கொள்வது உத்தமம். கொட்டானை 3.05 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். கஜலட்சுமி செதுக்கிய நிலையில் ஆணி அடித்தால் ஆட்டம் அன்றோடு முடிந்தது.

இடைவேளைக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் போதும். இலை போட்டுப் பந்தி வைத்துவிட்டால் இரண்டாம் பாதிக்கு யாரும் எழுந்திருக்கமாட்டார்கள், நடுவர் உட்பட.

இனிமேல்தான் அசல் வேலை. இந்த வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. சென்னையில் சிலர், கோலாலம்பூரில் சிலர், பேரன் நியூஜெர்சியில். முதல் பந்தை வீசுமுன்பே எல்லாப் புள்ளிகளையும் எடுத்தாக வேண்டும். உடைந்த ஓட்டை மாற்றவே வாட்ஸப்பில் வருஷக்கணக்காகப் பேசுகிறவர்கள் இவர்கள். வீட்டைப் பிரித்து விற்பதென்றால் மட்டும் சிலர் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிக் கழற்றிய தூண்களையும் கதவுகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்க்கலாம். அதைவிடக் கூடைப்பந்து எவ்வளவோ மேல் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பங்காளிகள் அத்தனை பேரும் ஊருக்கு வருவது முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குத்தான். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போடும் நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுங்கள். அன்றைக்கே ஆடிப்பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்; வளவில் அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.