உப்பு எங்கிட்டுப் போச்சு பேராண்டி?

வாய்யா பேராண்டி, வா. அந்தப் பொட்டியைத் திண்ணையில வை. கீழ வச்சா கோழி ஏறி உக்காந்துரும். கதகதன்னு இருந்துச்சுன்னா முட்டையும் வச்சிரும், அப்புறம் அதையும் நீ உன் கணக்குல வரவு வைக்கணும். மோரைக் குடி. உங்க அம்மாச்சி கேன் தண்ணியிலதான் கரைச்சிருக்கா, பயப்படாத.

உன் வேலை என்னான்னு உங்கம்மா போன்ல சொன்னா. எனக்குப் பாதிதான் விளங்குச்சு. ஒரு கம்பெனிக்குள்ள என்ன சாமான் எத்தனை எடை போகுது, எத்தனை வெளிய வருதுன்னு எழுதுறது ஒரு கணக்கு. மழை தப்பினா, வெள்ளம் வந்தா, வெயில் கூடினா அந்தக் கம்பெனி என்ன ஆகும்னு எழுதுறது இன்னொரு கணக்கு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபிக்காரங்க 2021ல சொல்லி, 2022-23ல இருந்து பங்குச் சந்தையில இருக்குற பெரிய 1,000 கம்பெனியும் இந்த மாதிரி அறிக்கையைக் கட்டாயம் எழுதித் தரணும்னு ஆயிருச்சாம்ல. நல்ல காரியம். இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்கன்னு கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் வரலைப்பா. இதே வேலையை நான் மாட்டு வண்டியில உக்காந்து சும்மா பாத்திருக்கேன்.

அப்ப எனக்கு இருபது வயசு. உப்புத்தோல் ஏத்திக்கிட்டு திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுற ஷாப்புக்கு வண்டி அடிப்பேன். ஆட்டை உரிச்ச சூட்டோட தோல்ல கல்லுப்பை அள்ளித் தேச்சு மடிச்சு வப்பாங்க, அழுகாம இருக்க. கட்டை இறக்கி முடிச்சா வண்டிப் பலகை இடுக்கெல்லாம் உப்பு நிக்கும். என் செவலைக் காளை கழுத்தை வளைச்சு வளைச்சு அந்தப் பலகையை நக்கும். நுகத்துல பூட்ட முடியாது, அம்புட்டு ருசி. ஷாப்புக் கணக்குப்பிள்ளை தோலை எண்ணி எழுதுவாரு, எடையை எழுதுவாரு, எனக்குக் குடுத்த கூலியையும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே எழுதுவாரு. உப்பை எழுத மாட்டாரு. அதுக்குன்னு எந்தப் பேரேட்டுலயும் ஒரு பக்கம் கெடையாது. உப்பு எங்கிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு செவலை. இன்னொண்ணு, இருபது வருசம் கழிச்சு, என் கெணறு.

ராத்திரி போன்ல என்னமோ அம்பு அம்பா ஒரு படம் காட்டுனியே, தடி அம்பு, ஒல்லி அம்புன்னு. 1898ல ஐர்லாந்துக்காரர் ஒருத்தரு, கேப்டன் சாங்கியாம், நீராவி எஞ்சினுக்கு வரைஞ்ச படம்னு சொன்ன. அதை நம்ம ஊருக்கு ஆட்டை வச்சுப் போடு. சந்தைக்கு ஒரு ஆடு வருது. கறி சீரகச்சம்பாவைத் தேடிக்கிட்டுப் பிரியாணிச் சட்டிக்குப் போகுது. தலை, கால், குடலு ஆளுக்கொரு வீட்டுக்குப் போகுது. தோலு உப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஷாப்புக்குப் போகுது. அங்கருந்து மெட்ராசு, மெட்ராசுல இருந்து சீமைக்குச் செருப்பாவோ பையாவோ கப்பல் ஏறிருது. உப்புக்கு மட்டும் பாஸ்போர்ட்டு குடுக்கலை. அது இங்கயே தங்கிருச்சு, என் கெணத்துல, வாடகை தராம.

நீயே ஒரு கணக்கு வாசிச்சியே. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு 2000ல போட்டது. உப்புப் போட்ட மாட்டுத்தோல் 1,000 கிலோ உள்ள போனா, முடிஞ்ச தோலா வெளிய வாரது 255 கிலோ. அப்ப மிச்சம் 745 கிலோ எங்கய்யா? உப்பு, ரோமம், சவ்வு, கொழுப்பு, சீவல்னு நீ பட்டியல் வாசிப்ப. வாசி. நான் கேக்குறது அது எந்த ஊர்ல இருக்குன்னு. நூத்துக்கு இருபத்தஞ்சு வீட்டுக்கு வந்துச்சு, எழுபத்தஞ்சு வரலைன்னா எந்தப் பொம்பளையும் புருசனைச் சும்மா விட மாட்டா. கம்பெனியை மட்டும் நாம விட்டுர்றோம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துன காலத்துல எல்லாம் சுத்தமா இருந்துச்சுன்னு எவனாவது கதை விட்டா நம்பாத. அப்பவும் உப்பு உப்புதான். 1970கள்ல அரைகுறையாப் பதப்படுத்துன தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு சர்க்காரு கெடுபிடி போட்டுச்சு. முழுசா முடிச்சு அனுப்புனா காசு அதிகம்னு. சரிதான். குரோமியம் வந்துச்சு, ஷாப்பு பெருகுச்சு, காசும் வந்துச்சு. கெணத்துக்கும் அதுல பங்கு வந்துச்சு.

உங்க அம்மாச்சிகிட்ட கேளு. ஒருநாள் துவரம்பருப்பை அடுப்புல ஏத்துனவ, வெறகு தீந்து போயும் பருப்பு கல்லு மாதிரி கெடந்துச்சுன்னு கரண்டியை எடுத்துக்கிட்டு என்னை அடிக்க வந்தா. உங்க ஊர்ல 'இங்க உன் பருப்பு வேகாது'ன்னா வசனம். எங்க ஊர்ல அது தண்ணிப் பரிசோதனை. வாய்க்கா ஓரம் மண்ணு வெள்ளையாப் பூத்துச்சு. பனி விழுந்துருக்குன்னு எங்க மாமா வேடிக்கை பாத்தாரு, கொடைக்கானலு இறங்கி வந்துருச்சுன்னு. அடுத்த வருசம் அதே வயக்காட்டுல அவருக்கு வெள்ளாமை வீடு வந்து சேரலை.

1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றத்துல குல்தீப் சிங்குன்னு ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினாரு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. வேலூரு பேரு இருந்தாலும் நம்ம கெணறும் அதுல ஏறியிருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்துல 13 ஊருல எண்ணுனதுல, குடிக்கவும் பாயவும் இருந்த 467 கெணத்துல 350 கெட்டுப்போச்சுன்னு. ஒரு கிலோ முடிஞ்ச தோலுக்கு 35 லிட்டர் தண்ணி, குரோம் முறையில 170 வகை ரசாயனம்னு அதுவும் அதே தீர்ப்புல இருக்கு. பாத்தியா, உன் பொருள் ஓட்டக் கணக்கை உனக்கு முந்தியே ஒரு ஜட்ஜு எழுதிட்டாரு. கெடுத்தவன் கட்டணும்னாரு. 'நாங்க கெடுக்கலை'ன்னு நிரூபிக்கிறது தொழில் நடத்துறவன் பொறுப்புன்னாரு. அதுவரைக்கும் கெட்டுப்போச்சுன்னு நிரூபிக்கிறது எங்க பொறுப்பா இருந்துச்சு. பாட்டில்ல தண்ணியை எடுத்துக்கிட்டு ஆபீசு ஆபீசா அலைஞ்சோம், ஒரு இடத்துல அதை யாரோ குடிச்சே புட்டாங்க. அஞ்சு மாவட்டத்து ஷாப்புக்கும் தலைக்கு 10,000 ரூவா அபராதம். கெணத்துல ஒரு மோட்டார் இறக்குற காசு.

அப்புறம் ஹைதராபாத்துல இருந்து தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து, குடகனாத்து மேல்பகுதியில ஏறக்குறைய 80 ஷாப்பு விட்ட கழிவு நிலத்தடியில எப்படி நகருதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாங்க. கழிவைப் பாதியாக் குறைச்சாலும், 20 வருசம் கழிச்சும் தண்ணியில இருக்குற உப்பு இப்ப இருக்குறதுல பாதிக்குக் கீழ இறங்காதுன்னு வந்துச்சு. அடியில பாறை, போன உப்பு திரும்ப வழி தெரியாம உக்காந்துருக்கு. நீ 'இந்த நிதியாண்டு'ன்னு எழுதுறியே, பாறைக்கு மார்ச் 31ஆம் தேதி எல்லாம் தெரியாதுய்யா.

சரி, சுத்திகரிப்பு நிலையம் வந்துச்சு. இல்லைங்கலை. நாத்தத்தையும் அழுக்கையும் தின்ன கிருமி இருக்கு. உப்பைத் தின்ன எந்தக் கிருமியும் பொறக்கலை. அதைச் சவ்வுல வடிகட்டி, கொதிக்க வச்சு, வத்த வச்சு, கடைசியில மூட்டை கட்டணும். எல்லா ரசாயனமும் கலந்த உப்பு. கருவாட்டுக்குக் கூட ஆகாது. மூட்டையை அடுக்கிக் கொட்டகையில வச்சுட்டு 'ஜீரோ கழிவு'ன்னு போர்டு எழுதுவாங்க. ஜீரோவுக்கு எதுக்கய்யா சாக்கு?

இப்பத்தான் உன் சமாச்சாரத்துக்கு வாரேன். நேத்து போன்ல உன் அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்ல, எந்தத் தோல் கம்பெனின்னு நான் கேக்கலை, நீயும் சொல்லாத. முன்பக்கம் ஒரு இடத்துல 'திண்மக் கழிவு கொட்டகையில பாதுகாப்பா வைக்கப்பட்டுள்ளது'ன்னு இருக்கு. பின்பக்கம் வேற ஒரு இடத்துல 'இப்பகுதியில் அதிகனமழை வாய்ப்பு உயர்கிறது'ன்னு இருக்கு. ரெண்டும் ஒரே அறிக்கையில, ஒரே அட்டைக்குள்ள. ஒண்ணுக்கொண்ணு பேசவே இல்லையே, என்னாச்சு? பந்தியில முதுகைக் காட்டி உக்காந்த சம்பந்திக மாதிரி. கேட்டா, அது வேற டீமு எழுதுனது, இது வேற டீமு எழுதுனதுங்குற. மழை வந்தா எந்த டீமுக் கொட்டகையில பெய்யணும்னு கேட்டுக்கிட்டா வரும்? ஒரு ராத்திரி ஆறு அங்குலம் கொட்டுனா, பத்து வருசமா மூட்டை கட்டுனது ஒரே ராத்திரியில ஆத்துக்குப் போயிரும். கணக்குல அது அப்பவும் 'பாதுகாப்பா'த்தான் இருக்கும்.

அதுல சராசரி மழைன்னு வேற ஒரு வரி. எனக்கு ரெண்டு மருமக. ஒருத்தி உப்பே போட மாட்டா, இன்னொருத்தி அள்ளிக் கொட்டுவா. சராசரி பாத்தா என் வீட்டுச் சாப்பாடு பிரமாதம். 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் கொறைஞ்சு போயி, 2017 சனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்த வருசம் கெணத்துல தண்ணி வத்த வத்த இருந்த உப்பு இன்னும் கெட்டியாச்சு. போட்ட உப்பு கூடலை, கரைக்கிற தண்ணி கொறைஞ்சுச்சு. அடுத்த வருசம் இல்ல, அதுக்கடுத்த வருசம், 2018 நவம்பர்ல, கடலே பாக்காத நம்ம ஊருக்கு கஜா புயல் வந்து வாசல்ல நின்னுச்சு. முருங்கை, வாழை எல்லாம் படுத்துருச்சு. இந்த ரெண்டு வருசத்தையும் கூட்டிப் பாதி போட்டா சொகமான ஊருன்னு வரும். ஒரு டிகிரி சூடு ஏறினா காத்து 7 சதவீதம் ஈரம் கூடுதலாச் சுமக்கும்னு நீதான சொன்ன? சாக்கு பெருசாச்சுன்னா நெறையுறதுக்கு நாளாகும், ஆனா கவுந்தா மொத்தமாக் கவுந்துரும். அம்புட்டுத்தான்.

1977ஐ நான் மறக்க மாட்டேன். அழகாபுரியில குடகனாறு அணை. மண் அணை. வெள்ளம், அணைக்குன்னு போட்ட கணக்கைத் தாண்டி வந்துச்சு. கதவைத் தூக்க ஆள் ஓடுனாங்க. நேரத்துக்குத்தான் ஓடுனாங்க, அதைச் சொல்லணும். பாதி தூக்கும்போது கரண்டு போச்சு. டீசல் எஞ்சினைப் போட்டாங்க, அதுக்குள்ள தண்ணி கரைக்கு மேல ஏறி வழிஞ்சு, பின்சரிவை அரிச்சுக் கரையைப் பிளந்துருச்சு. கதவு இருந்துச்சு, ஆள் இருந்துச்சு, எஞ்சினும் இருந்துச்சு. எது முந்தி வரும், எது பிந்தி வரும்னு ஒரே தாள்ல எழுதலை. உன் கம்பெனியில அந்த உப்புத்தண்ணியை வத்த வைக்கிற மெசினு கரண்டுலதான ஓடுது? புயலடிச்சு மூணு நாள் கரண்டு இல்லைன்னா வத்தாத தண்ணி எங்கிட்டு நிக்கும்? அந்தத் தொட்டி எத்தனை நாளைக்குக் கொள்ளும்? இதைக் கேட்டுட்டு வா. கேட்டா உன்னை அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க, அது வேற விசயம்.

அதனால வேலை நெலைக்கணும்னா நான் சொல்றபடி எழுது. தோலை ஊறப் போடுறதுக்கு முந்தி, மரச்சட்டத்துல போட்டு உதறி, விழுந்த உப்பை எடை போட்டாங்களான்னு கேக்காத. கேட்டா நூத்துக்கு இத்தனை கிலோ தண்ணிக்குப் போகாமலே தப்பிச்சிருக்கும்னு தெரிஞ்சு போகும். பக்கத்து ஊர்லயே அறுத்த தோலை ஐஸ்ல வச்சு அன்னைக்கே கொண்டாந்தா உப்பே வேண்டாமேன்னு கேக்காத. கொட்டகை மேட்டுல இருக்கா, வாய்க்கா ஓரத்துல இருக்கான்னு நடந்து போயிப் பாக்காத, செருப்பு அழுக்காயிரும். உள்ள போனதையும் வெளிய வந்ததையும் கழிச்சு மிச்சத்துக்கு ஊரு பேரு எழுதாத. பச்சை அட்டை போடு, முதல் பக்கத்துல ஒரு செடியைக் கையில ஏந்துன மாதிரி படம் போடு. நம்ம திண்டுக்கல்லு பூட்டுக்குப் பேர் போன ஊரு. 2019ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. உன் வாய்க்கும் ஒண்ணு வாங்கித் தாரேன், மாங்காப் பூட்டு.

என்ன, மூஞ்சி தொங்கிப் போச்சு? கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில் வேணுமா, பரிசோதனைக்கு? எடுத்துக்க. படியில பாத்து எறங்கு, அஞ்சாவது படி ஆடும். அப்புறம் உள்ள, மச்சுல, தகரப்பொட்டிக்குள்ள நீளமா ஒரு நோட்டு இருக்கும், எடுத்தா. எலி கடிச்ச ஓரத்தைப் புடிக்காத. 1977 வெள்ளத்துக்கு அடுத்த மாசத்துல இருந்து எழுதியிருக்கேன். அமாவாசைக்கு அமாவாசை கெணத்துல எத்தனை படி தெரியுதுன்னு ஒரு வரிசை. மழை பேஞ்ச நாளு ஒரு வரிசை. மூணாவது வரிசையில 'வெ', 'வே'ன்னு போட்டிருக்கேன்ல, அது அம்மாச்சி டிபார்ட்மெண்டு: பருப்பு வெந்துச்சு, வேகலை.

ஆமா, உங்க தாத்தன் எழுதுவான். எவனும் கேக்கலை, அதான் சொல்லலை.

எல்லாத்தையும் போட்டோ புடிக்கிறியா, நோட்டையே கொண்டு போறியா? கொண்டு போ. ஆனா கடைசிப் பக்கத்தைத் திருப்பு. 'வெளிய போனது: நோட்டு 1, உப்புத்தண்ணி 1 பாட்டில்'னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. பேனா என்னோடது. அதையும் எழுது.