ஏழு லட்சத்துக்கு பென்ஸ்!

கே: புது ஸ்விஃப்ட் வாங்கப் பணம் சேர்த்தேன். அதே பணத்துக்கு 12 வருஷப் பழைய பென்ஸ் வருகிறது. வாங்கலாமா?
– ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

ப: வாங்கலாம். ஆனால் விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். 50 லட்ச ரூபாய் கார் 7 லட்சத்துக்கு வந்துவிட்ட செய்தி, அதன் பிரேக் டிஸ்க்குக்கும் ஹெட்லைட்டுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. அவற்றுக்கு இன்றும் 50 லட்ச ரூபாய் காரின் பில்தான். கையில் 7 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்குக் கார் பாருங்கள். மிச்சத்தை முதல் வருஷ ரிப்பேருக்கென்று ஒதுக்குங்கள். "அதையும் போட்டு இன்னும் பெரிய மாடலாக எடுத்துவிட்டால் என்ன?" என்று மனசு கேட்கும். கேட்டால், பேசாமல் ஸ்விஃப்ட்டே எடுத்துவிடுங்கள்.

கே: வண்டி பார்க்கப் போகும்போது முதலில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்?
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

ப: பானெட்டை. சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "உங்களுக்காகத்தான் சார் ஏ.சி. போட்டு வெச்சேன்" என்பார் புரோக்கர். அந்த உபசரிப்பு வேண்டாம். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின், ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் எல்லா உண்மையையும் சொல்லிவிடும். தேய்ந்த டைமிங் செயின் அப்போதுதான் கரகரக்கும். வால்வ் சீல் போன வண்டி அப்போதுதான் நீலப் புகை விடும். சூடேறியபின் எல்லாம் சாது.

குறிப்பாக 2007 முதல் 2011 வரை வந்த பி.எம்.டபிள்யூ 320டி, 520டி. அவற்றில் இருந்த என்47 டீசல் இன்ஜினின் செயின் கோளாறு உலகப் பிரசித்தம். பல இன்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் செயினை, இதில் கியர்பாக்ஸ் பக்கமாக, இன்ஜினின் முதுகில் வைத்துவிட்டார்கள். செயினை மாற்ற கியர்பாக்ஸையோ, இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டி நடுவழியில் அறுந்தால், பில்லைப் பார்க்கும்போது பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். செயின் ஏற்கெனவே மாற்றப்பட்டு, அதற்கு பில்லும் இருந்தால் அந்த வண்டிக்கு இன்னும் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம்.

கே: 13 வருஷ ஆடி. மீட்டரில் 42,000 கிலோமீட்டர்தான். 'டாக்டர் ஓட்டிய வண்டி' என்கிறார்கள்.
– மருந்துக்கடை உரிமையாளர், திருநெல்வேலி

ப: செகண்ட் ஹாண்ட் மார்க்கெட்டில் விற்கிற கார் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். இன்ஜினீயர்கள் பாவம், நடந்தே போகிறார்கள் போலிருக்கிறது.

பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா, டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து லெதர் வெடித்திருக்கிறதா, ஸ்டீயரிங் பளபளக்கிறதா என்று பாருங்கள். 42,000-த்தில் இதெல்லாம் நடக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. வயசானதால் மாற்றியதில்லை என்றால், 42,000 ஓடிய வண்டிக்கு மூன்றாவது செட் டயர் எதற்கு? அடுத்து ஸ்கேனர். இந்த வகைக் கார்களில் பலவற்றில், ஓடிய தூரம் டேஷ்போர்டில் மட்டுமில்லாமல் வேறு சில கம்ப்யூட்டர் பெட்டிகளிலும் பதிவாகும். மீட்டரைத் திருப்புகிறவர் எல்லாவற்றையும் திருப்புவதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில், ஓனர் சம்மதத்தோடு, சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டால் விவாதமே முடிந்தது.

நிஜமாகவே 42,000 என்றாலும் ரொம்பத் துள்ள வேண்டாம். ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கும் ஹோஸுக்கும் வயசாகும்.

கே: கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தரை சரிவு என்கிறார் ஓனர்.
– கட்டட ஒப்பந்ததாரர், சேலம்

ப: கட்டடக்காரரிடமே தரையைக் குறை சொல்கிறாரா! வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். அப்போதும் அதே பக்கம் சாய்ந்தால், ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று நான்கு மூலையிலும் பார்த்துக்கொண்டு, ஒரு ராத்திரி கழித்து மறுபடி பாருங்கள். கசிகிற பையை விட்டுவைத்தால் கம்ப்ரெஸ்ஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் கருகும். ஒரு செலவு இரண்டாகும். பழைய காரில் சாதா ஸ்பிரிங் வைத்த மாடல் கிடைத்தால், அதுதான் சொகுசு.

கே: 'லைஃப்டைம் கியர் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்கிறார்களே?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ப: யாருடைய லைஃப்? பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் எல்லாவற்றுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுத்த இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. டிராஃபிக்கில் ஊர்ந்து, பிறகு காலியான ரோட்டில் அழுத்தி, இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது உதை விழுந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கே: அதே மாடல், அதே வருஷம், டெல்லியில் இரண்டு லட்சம் குறைவு. போய் ஓட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

ப: ஏன் குறைவு என்று முதலில் கேளுங்கள். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பிறகு உத்தரவுகள் முன்னும் பின்னுமாக நகர்ந்தாலும், அந்தப் பயத்தில்தான் ஒன்பது வயசு டீசல் கார்கள் தெற்கே ரயிலேறுகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். கணக்குதான் உதைக்கும்.

என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வந்து மறுபடி ரிஜிஸ்டர் செய்ய வேண்டும், தமிழ்நாட்டு ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். அந்த வரி நீங்கள் பேரம் பேசிய விலைக்கு அல்ல. வண்டியின் அசல் விலையையும் வயசையும் பார்த்துப் போடுவார்கள். 60 லட்ச ரூபாய் காருக்கு அது எங்கே போய் நிற்கும் என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். போக்குவரத்து, புரோக்கர், வரி எல்லாம் கூட்டிய பிறகும் ஒரு லட்சம் மிஞ்சினால் போங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூரிலேயே தேடுங்கள்.

கே: சென்னை வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்குமோ என்று பயம்.
– இல்லத்தரசி, திருச்சி

ப: நியாயமான பயம். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் நின்ற கார்களின் கதி தெரிந்ததுதானே. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மண் – போதும். உள்ளே நுழைந்ததும் சென்ட் வாசனை தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள். பல ஜெர்மன் கார்களில் முக்கியமான கண்ட்ரோல் பெட்டிகளும் ஒயர்களும் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. முழங்கால் தண்ணீரே போதும், ஆறு மாசம் கழித்து கண்ணாடி தானாக இறங்கும்.

கே: அம்பாசடர் காலத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கூட்டிப் போகலாமா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், விழுப்புரம்

ப: அவசியம். அவர் காதும் வேண்டும், ஸ்கேனர் வைத்திருக்கும் இன்னொருவரும் வேண்டும். பி.எம்.டபிள்யூவில் பேட்டரி மாற்றினால்கூட அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஸ்பேனர் மட்டும் போதாது. வண்டியை வாங்கிய பிறகு சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் தேட உங்கள் அம்பாசடர்காரர்தான் உதவுவார்.

கே: 15 வருஷம் முடிகிற வண்டி. எஃப்.சி. செலவு எவ்வளவு?
– ரியல் எஸ்டேட் தரகர், காஞ்சிபுரம்

ப: தேறினால் 5 வருஷம் நீட்டிப்பார்கள். ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கக் கட்டணம், இங்கே தயாரான காருக்கு 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. 20 வருஷம் தாண்டினால் இரண்டும் இரட்டிப்பு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மஹிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ அசெம்பிள் ஆகிறது. எல்லா மாடலும் அங்கே பிறந்தவை அல்ல, ஆவணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: பெண் பார்க்கப் போக ஒரு பெரிய கார் வேண்டும்...
– பெயர் வேண்டாம், நாமக்கல்

ப: ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

கே: எல்லாம் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது. பணத்தைக் கொடுத்துவிடலாமா?
– அரிசி ஆலை அதிபர், ஆரணி

ப: ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பதிவு) இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வரட்டும். பாக்கி அபராதம் எவ்வளவு என்று ஆன்லைனில் பாருங்கள். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடே போய்விடும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடைசியாக, சாவி. புது வண்டிக்கு இரண்டு கொடுப்பார்கள். "இன்னொன்று வீட்டில் எங்கேயோ இருக்கு" என்பார் விற்பவர். இந்தக் கார்களின் சாவியைத் தெருமுனைக் கடையில் வெட்ட முடியாது. கம்பெனியில் ஆர்டர் போட்டுப் பல ஆயிரம் கட்ட வேண்டும். இரண்டு சாவியாலும் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, பிறகு பணத்தை எண்ணுங்கள்.