பத்து சதவீதப் பாடம்

தலைமையாசிரியருக்குத் தலைமை தாங்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? அமெரிக்காவின் சிகாகோ நகரம் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. வழியின் விலை 2 கோடியே 5 லட்சம் டாலர். டெண்டர் கிடையாது. இதைவிட மலிவாக வேறு யாராவது சொல்லித் தருவார்களா என்று அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்ததும் கிடையாது. கால் கிலோ கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம். பெரிய ஊர்க்காரர்களுக்குப் பெரிய மனசு.

பயிற்சி தரப்போகும் நிறுவனத்தின் பெயர் சூப்ஸ் அகாடமி. ஹோட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் பரிமாறியவர்கள் யார், சாப்பிட்டவர்கள் யார், பில் கட்டியவர்கள் யார் என்ற கேள்விகள் இதற்கும் பொருந்தும்.

அதற்கு முன்னால், அந்த நாட்டில் பள்ளித் தலைவர்கள் எப்படி உற்பத்தி ஆகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவதற்குக் கல்வி நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பும் மாநில அரசின் உரிமமும் தேவை. ஒரு பள்ளி போதாது, மாவட்டத்தின் மொத்தப் பள்ளிகளையும் ஆள வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ‘எட்.டி.’ என்றொரு முனைவர் பட்டம் இருக்கிறது. கேட்கவே நன்றாக இருக்கிறதல்லவா? 2005இல் ஆர்தர் லெவின் என்பவர் இந்தப் படிப்புகளையெல்லாம் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜுக்குத் தலைவர். அதாவது, அதே தெருவில் கடை வைத்திருப்பவர். அவரே சரக்கு சரியில்லை என்றார். தேறுகிற படிப்புகள் மிகச் சில, பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களிலும் நிலைமை வெட்கக்கேடு, பள்ளி நிர்வாகிகளுக்கான அந்த எட்.டி. பட்டத்தையே ஒழித்துவிடலாம் என்பது அவர் தீர்ப்பு.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. பட்டம் வாங்கினால் சம்பளம் கூடும். எந்தப் பட்டம், அதில் என்ன படித்தாய், நாளை பள்ளிக்கூடம் நடத்தும் எண்ணம் உண்டா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் மாலையிலோ வாரக் கடைசியிலோ போய் உட்கார்ந்துவிட்டு வருவார். பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கிக்கொள்ளும். கல்வியியல் துறை அதற்கொரு கறவை மாடு. கறந்த பால் வேறு துறைகளுக்குப் போகும், மாட்டுக்கு வைக்கோல்தான். (சம்பள உயர்வுக்காகப் பட்டம் வாங்குவதென்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.)

ஆனால் சிகாகோ அடங்கிய இல்லினாய் மாநிலத்துக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் ரோஷம் இருந்தது. அங்கே ‘டைப் 75’ என்று ஒரு பொதுவான நிர்வாகச் சான்றிதழ் வழங்கிவந்தார்கள். 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அதைத் தலைமையாசிரியர் வேலைக்கு இனிச் செல்லாது என்றாக்கி, பழைய படிப்புகளையெல்லாம் புதிதாக வடிவமைக்கச் சொன்னார்கள். அதே சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகவே உருப்படியாக ஒரு படிப்பை நடத்திவந்தது. தலைமையாசிரியர் ஆகப்போகிறவர் ஒரு வருடம் முழுக்க ஒரு பள்ளியிலேயே கிடந்து வேலை பழக வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் அனுபவசாலி ஒருவர் கூடவே இருந்து வழிகாட்டுவார். அதாவது, பள்ளியை நடத்தப் பள்ளியில் கற்பது என்ற விபரீத யோசனை.

வீட்டு வாசலில் இப்படியொரு வைத்தியர் உட்கார்ந்திருக்க, நகரம் எங்கே போனது? வடக்கே வில்மெட் என்ற வசதியான புறநகரிலிருந்த சூப்ஸ் அகாடமிக்கு. கேரி சாலமன், தாமஸ் வ்ரேனஸ் என்ற இரண்டு பேர் அதன் உரிமையாளர்கள். சாலமனுக்கு ‘புரோஆக்ட் சர்ச்’ என்று இன்னொரு கடையும் இருந்தது. கல்வி மாவட்டங்களுக்குத் தலைவர்களைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது அதன் தொழில். மாவட்டத்துக்குத் தலைவரை அமர்த்துவது ஒரு கடை. அந்தத் தலைவரின் கீழே இருப்பவர்களுக்குப் பயிற்சி விற்பது அடுத்த கடை. கல்யாணத் தரகரே பந்தல்காரராகவும் சமையல் காண்ட்ராக்டராகவும் இருந்தால் எத்தனை வசதி!

இனி மணப்பெண். 2012 செப்டம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதமே அப்போதிருந்த பள்ளித் துறைத் தலைவர் விலக, மேயர் ராம் எமானுவல் அந்த இடத்தில் பார்பரா பேர்ட்-பென்னெட்டை அமர்த்தினார். பதவியின் பெயர் தலைமைச் செயல் அதிகாரி. பள்ளிக்கூடத்தைக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டவர்கள் வைத்த பெயர். சம்பளம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர். கிளீவ்லாந்தில் பள்ளித் துறைக்குத் தலைமை வகித்தவர், டெட்ராயிட்டிலும் உயர் பதவி பார்த்தவர். சிகாகோவுக்கு வருவதற்கு முன்னால் சூப்ஸ் அகாடமியில் ஆலோசகராகச் சம்பளம் வாங்கியவர். நேற்று எனக்குப் படியளந்தவருக்கு இன்று நான் ஊர்ப் பணத்தில் படியளக்கிறேன் என்றால், டெண்டர் எதற்கு?

இங்கே அந்த ஜூன் மாத ஒப்பந்தத்திலிருந்து ஒரு மாதம் பின்னால் போக வேண்டும். 2013 மே 22. அன்று சிகாகோ கல்வி வாரியம் கூடி, ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே மூச்சில் மூட முடிவெடுத்தது. அமெரிக்காவில் ஒரே தடவையில் இத்தனை பள்ளிகளை மூடிய இன்னொரு நகரம் கிடையாது. ஏன் என்றால் காசில்லையாம். 100 கோடி டாலர் பற்றாக்குறையாம். அதோடு ஒரு கணக்கு: ஒரு வகுப்பறைக்கு 30 பிள்ளைகள். அதற்கு வெகுவாகக் குறைந்தால் அந்தக் கட்டடம் ‘முழுதாகப் பயன்படவில்லை’. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகச் சின்ன வகுப்பு நடத்தினாயா? அந்த அறையும் கணக்கில் பாதி காலிதான்.

வேறு பள்ளிக்கு விரட்டப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 12,000 பேர். பத்தில் ஒன்பது பேர் கறுப்பினக் குழந்தைகள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய பள்ளிகளுக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘வரவேற்கும் பள்ளிகள்’. வீட்டை இடித்துவிட்டு, நடுத்தெருவில் நிற்பவனுக்கு வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டுகிற நாகரிகம் இது. புதுப் பள்ளிக்குப் போகிற வழியில் துப்பாக்கிக் கும்பல்களின் எல்லைகளைத் தாண்ட வேண்டும் என்பதால், மஞ்சள் சட்டை மாட்டிய காவல் ஆட்களைத் தெருவெங்கும் நிறுத்தினார்கள். அதற்கும் அழகாக ஒரு பெயர்: ‘பாதுகாப்பான வழி’. ஆறு வயதுக் குழந்தை தன் பழைய பள்ளியின் பூட்டிய கதவைக் கடந்து, காவல் ஆட்களுக்கு நடுவே புதுப் பள்ளிக்கு நடந்து போகிறது. பெயர் வைப்பதில் மட்டும் இந்த நிர்வாகிகளுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் கணக்குப் பாட மதிப்பெண் அடிவாங்கி, பல ஆண்டுகள் மீளவேயில்லை என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மையம் 2018இல் சொன்னது. சொல்லி என்ன?

காசில்லை என்று பள்ளிகளை மூட முடிவெடுத்து ஒரு மாதம் ஆனது. பூட்டுக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். அதே வாரியம், அதே கஜானாவிலிருந்து, அந்த 2 கோடியே 5 லட்சம் டாலரை எடுத்து நீட்டியது. பிள்ளைகள் உட்காரத்தான் காசில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து ‘தலைமை’ கற்கக் காசு இருந்தது.

சரி, கற்றார்களா? பள்ளியை விட்டுவிட்டு வந்து இந்த வகுப்புகளில் உட்கார்ந்த தலைமையாசிரியர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். சொல்லித் தருவதெல்லாம் அரிச்சுவடி, எங்கள் நேரந்தான் பாழ் என்றார்கள். பத்துப் பதினைந்து வருடம் பள்ளி நடத்தியவரைக் கூப்பிட்டுப் பள்ளி என்றால் என்னவென்று விளக்குவது, மீனைத் தொட்டியில் போட்டு நீச்சல் வகுப்பு எடுத்த கதை. அவர்கள் பேச்சை மேலே யாரும் காதில் வாங்கவில்லை. கேட்டது ஒரு சின்னப் பத்திரிகை. ‘கேட்டலிஸ்ட் சிகாகோ’வின் செய்தியாளர் சாரா கார்ப், அந்த ஜூலையிலேயே எழுதிவிட்டார்: டெண்டர் இல்லை, தலைமை அதிகாரிக்கும் கம்பெனிக்கும் பழைய உறவு. வாரியத்தில் இருந்தவர்கள் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் போலும். ஒப்பந்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

2015 அக்டோபரில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகை கொடுத்தபோதுதான் உண்மையான பாடத்திட்டம் வெளியே வந்தது. சூப்ஸ் குழுமத்துக்குக் கிடைத்த ஒப்பந்தங்கள் மொத்தம் 2 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டும். அதில் பத்து சதவீதம் பேர்ட்-பென்னெட் அம்மணிக்கு. உடனே வேண்டாம், பதவியை விட்டு வந்து மறுபடி கம்பெனியில் சேரும்போது ‘சேர்க்கை ஊக்கத்தொகை’ என்ற பெயரில் கொடுப்பதாக ஏற்பாடு. நீங்கள் ஒரே ஒரு நாள் எங்களிடம் வேலைக்கு வந்தால் போதும், அந்த நாளில் இந்த உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்குகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று மின்னஞ்சலில் வாக்குக் கொடுத்திருந்தார் சாலமன். பணத்தின் ஒரு பங்கு அம்மணியின் இரட்டைப் பேரன்களின் பெயரில் அறக்கட்டளைக் கணக்குகளில் காத்திருக்கும் என்பதும் ஏற்பாட்டில் உண்டு. ஊரான் பிள்ளைகளின் பள்ளியை மூடிய கை, சொந்தப் பேரன்களுக்குக் கணக்குத் திறக்க நீண்டது.

அந்த அம்மையார் எழுதிய ஒரு மின்னஞ்சலை மட்டும் சட்டம்போட்டு மாட்டலாம். எனக்குக் கட்ட வேண்டிய கல்விக் கட்டணம் இருக்கிறது, போக வேண்டிய சூதாட்ட விடுதிகளும் இருக்கின்றன என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புக்குறியும் போட்டிருந்தார். கல்வியையும் கேசினோவையும் ஒரே வரியில் உட்கார வைத்த அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கொரு கௌரவ எட்.டி. கொடுத்திருக்கலாம்.

பேரம் பேசிய பணம் கைக்கு வந்து சேர்வதற்குள் குட்டு உடைந்துவிட்டது. 2015 ஏப்ரலில் விசாரணை வெளியே தெரிந்ததும் விடுப்பில் போனார். ஜூன் 1ஆம் தேதி பதவி விலகினார். அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் அவருக்கு நாலரை ஆண்டு, சாலமனுக்கு ஏழு ஆண்டு, வ்ரேனஸுக்குப் பதினெட்டு மாதம் என்று தண்டனை விழுந்தது.

மேயர் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வாரியத்தில் கைதூக்கியவர்கள் மீதும் இல்லை. 1995லிருந்து அந்த வாரியத்தில் மேயர் வைத்தவர்கள்தான் உட்கார்ந்தார்கள். நகரமக்கள் வாக்குப் போட்டு வாரிய உறுப்பினர்களை முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது 2024இல்தான். நீட்டிய தாளில் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போடுவதற்கு எந்தச் சட்டத்திலும் ஜெயில் கிடையாது. களவாணியைப் பிடித்துவிட்டோம் என்று ஊர் கைதட்டியது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று சேர்ந்து தட்டினார்கள்.

இத்தனைக்கும் நடுவே, நிஜமாகவே தலைமைப் பண்பு உள்ள தலைமையாசிரியர் யாராவது அந்த ஊரில் இருந்தாரா? இருந்தார். பிளேன் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ட்ராய் லாரவியர். அந்தக் காலத்தில் பள்ளிகளைக் கூட்டிப் பெருக்கும் வேலையையும் 26 கோடி டாலருக்கு அராமார்க் என்ற கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார்கள். பள்ளிகள் குப்பையாகக் கிடந்தன. தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் தாங்களே துடைப்பம் எடுக்க வேண்டியிருந்தது. தலைமைப் பயிற்சியில் இந்தச் செய்முறை வகுப்பு மட்டும் இலவசம். லாரவியர் சக தலைமையாசிரியர்களிடம் கருத்துக் கேட்டு, இந்த அழுக்கை ஊரறியச் சொன்னார். தலைமையாசிரியர்கள் வாயைத் திறக்காதபடி மேலிடம் எப்படி மிரட்டிவைத்திருக்கிறது என்று 2014 மே மாதம் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழில் கையெழுத்துப் போட்டு எழுதினார். 2016இல் அவரைப் பள்ளியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஒழுங்கு மீறல் என்பது அவர் மீது சாட்டிய குற்றம். அதே வருடம் நகரத்தின் தலைமையாசிரியர்கள் வாக்களித்து அவரைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவர் ஆக்கினார்கள். 2 கோடியே 5 லட்சம் டாலர் கொட்டியும் வாங்க முடியாத சரக்கு அவரிடம் இருந்தது. அதற்கு நகரம் கொடுத்த விலை, பள்ளியிலிருந்து வெளியேற்றம்.

பயிற்சிக்கு எடுத்துக் கொடுத்த பணம் ஊர்ப் பணம். 2013இல் பூட்டிய பள்ளிக் கட்டடங்களில் பல, பத்து ஆண்டு கழித்தும் பூட்டியபடியே கிடந்தன.