பக்கெட் சாப்பாடு பற்றி அக்காவுக்கு ஒரு பதில்

ஸ்காபரோ, டொரண்டோ
தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை

அன்புள்ள அக்கா,

நீங்க அனுப்பின குரல் பதிவை வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்டோம். "என்ன மனே, மா வறுக்கத் தெரியாதா, இடியப்பம் புழியத் தெரியாதா, ஐஸ்பெட்டிக்குள்ள கிடந்ததையா அந்தப் புள்ளைகளுக்குக் குடுக்கிற?" என்று தொடங்கி, பெத்தாவை நடுவில் இழுத்து, கடைசியில் தயிர்முட்டியில் வந்து நின்றீங்க. உங்க மச்சாள் பாதியிலேயே எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். தொலைபேசியில் பதில் சொன்னால் ஒரு வசனம் முடிக்க விடமாட்டீங்க. கடிதத்துக்குக் குறுக்கே பேச ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொத்துக் கணக்கைப் பார்ப்போம். நம் பக்கத்து வழக்கப்படி வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கல்லடி வீடு உங்களுக்கு வந்தது. அதோடு அம்மி, உரல், உலக்கை, திருவலை, நீத்துப்பெட்டி, பெத்தாவின் கறித்தூள் பக்குவம் எல்லாம் வந்தன. எனக்குக் கிடைத்தது விசா. விசாவில் பிட்டு அவிக்க முடியாது.

இங்கே தமிழ்க்கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க ஃப்ரீசர்தான். இடியப்பம், பிட்டு, பரோட்டா, துருவின தேங்காய், முருங்கைக்காய், பாகற்காய், உரித்து வெட்டின மரவள்ளி என்று எல்லாம் கல்லுப்போல அடுக்கிக் கிடக்கும். கேரளத்து இடியப்பமும் வியட்நாம் மரவள்ளியும் தாய்லாந்துத் தேங்காய்ப்பால் டின்னும் மாலைதீவு மாசியும் ஒரே கூடைக்குள் ஏறிக்கொள்ளும். கனடாச் சட்டப்படி பக்கெட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கவேண்டும். உங்க மருமகன் பள்ளியில் படிக்கிற பிரெஞ்சை இப்போதைக்குத் தேங்காய்ப்பூ பக்கெட்டில்தான் வாசித்துப் பழகுகிறான்.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வெளியே மைனஸ் இருபது. ஃப்ரீசருக்குள்ளே மைனஸ் பதினெட்டு. அதாவது வெளியைவிட வெக்கையான இடம் தேடினால் ஃப்ரீசர் கதவைத் திறக்கலாம். இந்த நாட்டில், அந்த நேரத்தில், அரிசி ஊறப்போட்டு இடித்து அரித்து வறுத்து இடியப்பம் புழி என்று நீங்க சொல்கிறீங்க.

நாங்கள் செய்வதைக் கேளுங்க. இடியப்பத்தை இளகவிடக்கூடாது, இளகினால் ஒன்றோடொன்று ஒட்டி மாக்கட்டியாகிவிடும். கல்லாக இருக்கும்போதே மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஆவியில் வைத்தால் சாறன் மாற்றி வருவதற்குள் வெந்துவிடும். தேங்காய்ப்பால் டின்னை ஆட்டாமல் திறக்கவேண்டும். மேலே தடிப்பாக நிற்பது முதற்பால், அடியில் தண்ணியாக இருப்பது இரண்டாம் பால். பிழியும் வேலையை டின்னே செய்து வைத்திருக்கிறது. அடியில் உள்ளதில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை போட்டுக் கொதிக்கவிட்டு, மேற்பாலைக் கடைசியில் ஊற்றி, பொங்கமுன் இறக்கி, அடுப்பை நிறுத்தினபிறகு தேசிக்காய். பெத்தாவின் முறை இதுதானே, டின் ஒன்றுதான் புதிது. சம்பலுக்கு உறைந்த தேங்காய்ப்பூவைச் சூடுகாட்டி, ஐஸ் தண்ணீரைப் பிழிந்து எறிந்துவிட்டுத்தான் செத்தல் மிளகாயோடு சேர்க்கவேண்டும். பிழியாவிட்டால் சம்பல் அழும்.

தேங்காய்ப்பால் மாவை மட்டும் நானும் முழுக்க நம்புவதில்லை. பக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துப் பாருங்க. பலவற்றில் சோடியம் கேசினேட் என்று சின்ன எழுத்தில் கிடக்கும். அது மாட்டுப்பாலில் எடுக்கிற புரதம். மா தண்ணீரில் நன்றாகக் கரையவேண்டும் என்று சேர்ப்பது. தேங்காயும் பசுவும் எப்போது சம்பந்தம் கலந்தார்களோ தெரியாது, நமக்குச் சொல்லவில்லை. இந்த இடத்தில் நீங்க சிரிக்கவேண்டாம். 2025 தொடக்கத்தில் ஊரில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டினபோது உங்க குசினித் தட்டில் இருந்த தேங்காய்ப்பால் மா பக்கெட்டை மருமகள் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டாள். படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுகா, ஊர்ச்சாப்பாடு என்று பெருமைப்படுகிறீங்களே, உங்க குசினியை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். பிட்டுக்கு அரைவாசி அமெரிக்கன் மா கலக்கிறீங்க. நம் நாட்டில் கோதுமை விளையாது. திருகோணமலை சீனக்குடா ஆலை 1980 தொடக்கம் அரைப்பதெல்லாம் கப்பலில் வந்திறங்கும் கோதுமை. தேத்தண்ணிக்கு அங்கர், அது நியூசிலாந்து மாடு. சம்பலுக்கு இடிக்கிற மாசி மாலைதீவில் இருந்து வருவது. சமன் டின்னிலும் பல கடல் தாண்டி வருபவைதான். அதற்குள் இருக்கிற மீன் நம் மட்டக்களப்பு வாவி மீனைப்போலப் பூரணைக்குப் பாடாது.

பருப்புக் கதைதான் பெரிய கதை. போன வருடம் கனடா வந்த அயல்வீட்டுப் பொடியனிடம் மைசூர்ப் பருப்பு இரண்டு கிலோ கொடுத்தனுப்பினீங்க, "அங்கத்தைப் பருப்பில ருசியில்ல" என்று. அக்கா, உலகத்தில் ஆகக்கூடப் பருப்பு ஏற்றுமதி செய்கிற நாடு கனடா. சஸ்காச்செவன் என்ற மாகாணத்தில், கண் எட்டின தூரம் ஒரு மரம் இல்லாத வெளியில் அது விளைகிறது. இலங்கைக்கு வருகிற மைசூர்ப் பருப்பில் பெரும்பங்கு இங்கிருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் போவதுதான். சஸ்காச்செவனில் பிறந்து, கப்பலேறிக் கொழும்புக்குப் போய், லொறியில் மட்டக்களப்புக்கு வந்து, உங்க கையால் பொதியாகி, விமானமேறித் திரும்பவும் கனடாவுக்கே வந்து சேர்ந்த பருப்பை அன்றிரவு மரியாதையோடு சமைத்தோம். என்னைவிடக் கூடுதலாக ஊர் சுற்றின பருப்பு. ருசியாகவும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

"பெத்தா காலத்தில இதெல்லாம் இருந்ததா?" என்று கேட்பீங்க. பெத்தா காலத்தில்தான், 1970களில், சிறிமா அம்மையார் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கினபோது பருப்பும் மாவும் கண்ணில் படாமல் போய், வீட்டுக்கு வீடு மரவள்ளி அவிந்தது. அந்த மரவள்ளியும் ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்ததுதான். மிளகாயும் அப்படித்தான். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டின போர்த்துக்கீசர்தான் மிளகாயையும் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்த ஆட்கள். அதற்கு முன் நம் ஆட்கள் மிளகில் உறைத்துக்கொண்டார்கள். வாவியில் வலை வீசினால் மாட்டுகிற திலாப்பியாகூட ஆபிரிக்காக்காரன். 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்டது. விசா இல்லாமல் குடியேறி, பிள்ளைகுட்டியோடு பெருகி, இப்போது உள்ளூரான் மாதிரித் திரிகிறான்.

2020இல் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினபோது என்ன நடந்தது? தமிழ்நாட்டுக் கரையில் இருந்து படகில் மஞ்சள் கடத்தினார்கள். பிடிபட்ட மூட்டைகளின் படம் பேப்பரில் வந்தது. அடுத்த வருடம் பால்மாவுக்கு வரிசை. அப்போது இங்கிருந்து பெட்டி கட்டி மஞ்சளும் பால்மாவும் அனுப்பினது இந்தப் பக்கெட் சாப்பாட்டுக்காரன்தான். பெட்டியைத் திறந்துவிட்டு, "இதுவும் அங்கத்தையதா?" என்று அத்தான் முகத்தைச் சுளித்ததாகத் தகவல். குடித்தாரா இல்லையா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெற்றிக் கதையும் ஒன்று இருக்கிறது. கொத்துரொட்டி கிழக்கில் பிறந்தது என்பது நம் பக்கத்துக் கட்சி. அதை இந்த நாட்டிலும் விட்டுக்கொடுக்கவில்லை. உறைந்த பரோட்டாவைச் சட்டியில் வாட்டி, கீலம் கீலமாக வெட்டி, மிஞ்சின கோழிக்கறியும் முட்டையும் போட்டு இரண்டு தட்டகப்பையால் கொத்தினால் அரை மணித்தியாலத்தில் இராச்சாப்பாடு. சத்தத்துக்குக் கீழ்மாடிக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டினார். முறைப்பாடு என்று நினைத்தோம். ஆள் ஏறாவூர்க் காக்கா. "தம்பி, தாளம் பிழைக்குது, இஞ்ச தாங்க" என்று அகப்பையை வாங்கிக் கொத்தத் தொடங்கிவிட்டார். அதன்பிறகு வெள்ளி இரவு கொத்து அவர் பொறுப்பு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று ஊரில் சொல்வார்களே, இங்கே பிட்டும் பூவும் ஃப்ரீசருக்குள் கிடக்கின்றன. காக்காவும் நானும் சட்டிக்கு முன்னால் நிற்கிறோம்.

உங்க பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். படுவான்கரை நெல்லுக்கு ஈடு கிடையாது. அரிசி விஷயத்தில் நீங்க சொன்னது சரி. வாவி இறாலைக் கரைக்கு வந்த கையோடு வாங்கிக் காய்ச்சுகிற குழம்பை எந்த ஃப்ரீசரும் தராது. தயிரைப் பற்றிப் பேசவே வேண்டாம். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல ஏறக்குறைய இருமடங்கு. மண்முட்டி மிச்சத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால்தான் கவிழ்த்தாலும் தயிர் விழாது. இங்கே பத்து வீதக் கொழுப்புள்ள கிரேக்கத் தயிர் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கித்துள்பாணி ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட மாதிரி இருக்கும். லண்டன் மச்சாளுக்கு நீங்க கொடுத்தனுப்ப நினைத்த தயிர்முட்டிக்கும் வழியில்லை. பயணிகள் இலங்கை போன்ற நாடுகளில் இருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரித்தானியாவுக்குள் கொண்டுபோகக்கூடாது. மீன் என்றால் கருவாடு உட்பட 20 கிலோ வரை விடுவார்கள். பக்கத்து ஆசனத்தில் இருக்கப்போகிற மனிதரின் மூக்கைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

ஆனபடியால் அக்கா, இந்த மாசி மாதத்தில் அத்தானின் தங்கச்சி மகன் வரும்போது பருப்பு வேண்டாம், மா பிஸ்கட் வேண்டாம், சமன் டின் கட்டாயம் வேண்டாம். பெத்தாவின் பக்குவத்தில் வறுத்து இடித்த கறித்தூள் ஒரு கிலோ மட்டும் போதும். அது எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, வெளியே இங்கிலீசில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்க. பக்குவத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் உங்க மச்சாள் கோபம் ஆறிவிடுவாள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி