சுவரில் சிப்பி ஒட்டியது யார்?

கே: பலெர்மோவில், போர்கோ வெக்கியோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், பூச்சு உதிர்ந்த இடத்துக் கல்லில் சிப்பிகள் தெரிகின்றன. கொத்தனாரின் குறும்பா?

ப: அந்தக் கொத்தனார் நிரபராதி. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், பலெர்மோச் சமவெளி ஆழங்குறைந்த கடலாக விரிந்து கிடந்த காலத்தில், மாண்ட பிராணிகளின் ஓடுகளும் சுண்ணாம்பு மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறையைத்தான், பிற்காலத்து ஜனங்கள் வெட்டியெடுத்து, மாளிகையென்றும் குடிசையென்றும் பேதம் பாராமல் அடுக்கினார்கள். இப்பிரதேசத்துப் படிவுகளில், இன்று வட அட்லாண்டிக்கின் குளிரில் மாத்திரமே ஜீவிக்கிற ஆர்க்டிகா ஐஸ்லாண்டிகா என்னும் சிப்பியும் அகப்படுவதால், மத்தியதரைக் கடலும் ஒரு காலத்தில் நடுங்கியிருக்கிறது என்பது நிரூபணமாகிறது.

கடல் அகன்றதற்கு, பனியுகங்களில் நீர் உறைந்து மட்டம் தாழ்ந்தது ஒரு காரணம். ஆப்பிரிக்கா, ரயிலில் இடம் பிடிப்பவரைப் போல ஐரோப்பாவை நெருக்கிக்கொண்டே வந்து தரையை உயர்த்தியது மற்றொன்று. நம்மவர் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைத் தரிசிக்க ஏறுகிற 606 மீட்டர் உயர மோந்தே பெல்லெக்ரீனோவும், டைனோசர் காலத்துக் கடலடிச் சுண்ணாம்பே!

இதனினும் விசித்திரம் சிசிலியின் தென்கரையில். சுமார் 59.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கின் தொடர்பு குறுகிப்போய், மத்தியதரைக் கடல் வற்றி, உப்பும் ஜிப்சமும் படிந்தன; 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் மீண்டதை, ஜிப்சத்தின்மேல் கிடக்கும் வெண்சுண்ணக் களிமண் எராக்ளேயா மினோவாவில் இன்றும் சாட்சி சொல்கிறது.

சிப்பியை மட்டும் சுரண்டாதீர்கள், சுவர் வீட்டுக்காரருடையது.